குடையா, கூடாரமா, பெட்டியா? மழைக்கு முன் ஒரு தெருப் புத்தகக் கடையின் கணக்கு

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில் நானும் அக்காவும் பழைய புத்தகம் விற்கிறோம். அன்று மூடியிருக்கும் ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் ஆறடிக்கு எட்டடி இடம். சரக்கு 600 புத்தகம் வரை இருக்கும். பைண்டு செய்த தொடர்கதைகள், டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகள், மாஸ்கோவில் அச்சான பழைய தமிழ் மொழிபெயர்ப்புகள், குழந்தைகள் படப்புத்தகங்கள், இந்த ஊர் என்பதால் கொஞ்சம் பிரெஞ்சு அகராதிகளும் உண்டு. தலைக்கு மேல் ஒரு நீலத் தார்ப்பாய். ஐந்து வருஷம் உழைத்த அந்தத் தார்ப்பாய் ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் கிழிந்தது.

மாலை நாலு மணி. மேற்கே கருத்திருந்தது, ஆனால் தூறல்கூட இல்லை. திடீரென்று புழுதியோடு ஒரு குளிர்ந்த காற்று வந்தது. தார்ப்பாய் உப்பி எழுந்தது, சவுக்குக் கம்பு ஒன்று பிடுங்கிக்கொண்டு புத்தகங்களின் மேலேயே விழுந்தது. நான் கம்பைப் பிடிக்க ஓடினேன், அக்கா கயிற்றைப் பிடிக்க ஓடினார். மழை விழுந்தபோது புத்தகங்களைப் பார்க்க ஆள் இல்லை. எல்லாவற்றையும் சாக்கில் அள்ளி முடிக்கப் பதினேழு நிமிஷம் ஆனது. எழுபதுக்கு மேல் போயிற்று.

புதுசாக என்ன வாங்குவது என்று அதிலிருந்து இரண்டு மாதம் விசாரித்தோம். ஐப்பசி பிறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். கையில் இருந்த கணக்கு 15,000 ரூபாய். தெரு வியாபாரிகளுக்கான பிஎம் ஸ்வநிதி கடனின் முதல் தவணை 2025இல் 10,000இலிருந்து அந்த அளவுக்கு உயர்ந்ததால் அதையே எல்லையாக வைத்துக்கொண்டோம். எங்களைப் போல வெட்டவெளியில் கடை போடுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நாங்கள் பார்த்ததையும் கணக்குப் போட்டதையும் எழுதுகிறேன்.

நனைந்த புத்தகத்துக்கு என்ன ஆகிறது

கூரையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும். எல்லாப் புத்தகமும் ஒரே மாதிரி சாவதில்லை. பத்திரிகைத் தாளில் அச்சான பழைய நாவல் நீரை உறிஞ்சி உப்பும். அன்றைக்கே மின்விசிறிக்கு அடியில் விரித்து நிறுத்தி, பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத்தாள் செருகி மாற்றிக்கொண்டே இருந்தால் அலை அலையாக நெளிந்தாலும் படிக்கிற மாதிரி திரும்பி வரும். பாதி விலைக்காவது போகும். ஆனால் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட படப்புத்தகம் நனைந்து காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிச் செங்கல்லாகிவிடும். அந்தத் தாளின் மேல்பூச்சே பசையாக மாறுவதால் பிரித்தால் படம் உரிந்து வரும். ஈரம் காய்வதற்குள்ளேயே ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துவிட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அன்றைக்குப் போன எழுபதில் முப்பதுக்கும் மேல் குழந்தைகள் புத்தகம். எடைக்குத்தான் போட்டோம்.

நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் இரண்டு நாள் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஒரு புத்தகத்தில் பிடித்தால் அடுக்கில் உள்ள மற்றவற்றுக்கும் போகும். ஒரே நேரத்தில் நிறைய நனைந்து, காயவைக்க இடமில்லாவிட்டால், விலை உயர்ந்தவற்றைப் பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். உறைந்திருக்கும்வரை பூஞ்சை வளராது. ஒரு பிரெஞ்சு அகராதியை அப்படித்தான் மீட்டோம்.

வெயிலும் சும்மா விடாது. சூட்டுப் பசையில் ஒட்டிய பைண்டிங் வெயிலில் இளகி, வழிகாட்டிகளின் பக்கங்கள் கொத்தாகக் கழன்று வரும். அட்டையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். ஆக நாங்கள் தேடியது மழைக்கு மட்டுமான ஏற்பாடு அல்ல. காலையில் வெயில், மதியம் கடல்காற்று, மாலையில் இடி என்று ஒரே நாளில் மூன்றையும் பார்க்கிற கடைக்கு என்ன வேண்டும் என்பதே கேள்வி.

தார்ப்பாய்

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான், நாங்களும் இன்னொரு தார்ப்பாயே வாங்கிவிடலாம் என்றுதான் கிளம்பினோம். ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி நல்ல தார்ப்பாய் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. வாங்கும்போது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று கேளுங்கள். 90 மெலிசு, ஒரு பருவம் தாங்கினால் பெரிது. 150ஆவது இருந்தால் கயிறு கோக்கும் ஓரத்துக் கண்கள் லேசில் பிய்யாது.

நிறம் முக்கியம் என்பது எங்களுக்கு அனுபவத்தில்தான் தெரிந்தது. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எல்லாத் தாளும் நீலமாகத் தெரியும். வாங்குகிறவர் புத்தகத்தை வெளியே வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பக்கத்தைப் பார்ப்பார். மஞ்சள் இன்னும் மோசம், நல்ல வெள்ளைத் தாளும் பழுப்பேறியது போலத் தோன்றும். வெள்ளையோ சாம்பலோ எடுங்கள்.

தார்ப்பாயின் பெரிய குறை, நீர் தேங்குவது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி என்பது பத்துச் சதுர மீட்டர். இருபது நிமிஷத்தில் பத்து மில்லிமீட்டர் பெய்வது கோடைமழையில் சாதாரணம். தொய்வாகக் கட்டியிருந்தால் 100 லிட்டர்வரை நம் தலைக்கு மேல் தொங்கும். நடுவில் உயரமாக ஒரு கம்பு கொடுத்து, பின்பக்கம் தாழ்த்திக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பின்னால் ஷட்டர் இருக்கிறது, அந்தக் கடைக்காரர் வாசலில் தண்ணீர் ஊற்றினால் அடுத்த ஞாயிறு கொக்கியில் கயிறு கட்ட விடமாட்டார். அவர் தயவில்தான் நிற்கிறோம். எனவே சாய்வு தெருப் பக்கம் வரும், வழிகிற நீர் புத்தகம் பார்க்க நிற்கிறவர் முதுகில் விழும்.

பெரிய குடை

பழக்கடை, இளநீர்க் கடைகளில் இருக்கும் எட்டடிக் குடை. அடிப்பாகத்தோடு மூவாயிரத்துக்குள் வரும். ஒரே ஆள் விரிக்கலாம், அரை நிமிஷத்தில் மடக்கலாம். வெயிலுக்கு இதைவிட நல்லது எதுவுமில்லை. சூரியன் நகர நகரக் குடையைச் சாய்த்துக்கொள்ளலாம். எங்கள் தெரு வடக்கு தெற்காகப் போவதால், கிழக்கு பார்த்த நடைபாதையில் காலை வெயில் நேராக அடிக்கும், மேற்கு பார்த்ததில் பிற்பகல் வெயில்.

மழைக்கு ஆகாது. குடை வட்டம், விரிப்பு சதுரம். நாலு மூலையும் வெளியே நிற்கும், விளிம்பிலிருந்து சொட்டுகிற நீர் சரியாக ஓரத்து வரிசைப் புத்தகங்களில் விழும். கல் பாவிய நடைபாதையில் குழி தோண்ட முடியாது, இருபது இருபத்தைந்து கிலோ மணல் அடைத்த அடிப்பாகத்தைத் தூக்கிவர வேண்டும். இளநீருக்குச் சாரல் பட்டால் நஷ்டமில்லை. புத்தகத்துக்கு உண்டு.

மடக்குக் கூடாரம்

கண்காட்சிகளிலும் சிம்கார்டு விற்கும் இடங்களிலும் பார்த்திருப்பீர்கள். கத்தரி போல மடங்கும் இரும்புச் சட்டம், மேலே துணி. பார்க்க லட்சணமாக இருக்கும், கடை கடையாகத் தெரியும். தூரத்திலிருந்து ஆள் வருவார். பத்துக்குப் பத்து அடி கூடாரம் தரத்தைப் பொறுத்து ஐயாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம்வரை சொன்னார்கள். நான் இதில்தான் மயங்கினேன். முன்பணம்கூடக் கொடுக்கப் போனேன்.

அக்கா தடுத்தார். "காத்துக்கு எவ்ளோ தாங்கும்னு கேட்டியா?" கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 75 நியூட்டன் அழுத்தம் தரும், அதாவது ஏழு கிலோவுக்கு மேல். பத்துக்குப் பத்து அடி என்பது ஒன்பது சதுர மீட்டருக்கும் கூடுதல். காற்று முழுதாக அடியில் புகுந்து தூக்கினால் சுமார் 70 கிலோ. காற்றின் வேகம் கூடும்போது இந்த விசை அதன் வர்க்கத்தில் ஏறுவதால், 60 கிலோமீட்டரில் அது 150 கிலோவைத் தாண்டிவிடும். ஆடி மாதத்து இடிமழைக்கு முன் வரும் காற்றில் இது நடக்காத விஷயமில்லை. காலுக்கு இருபது கிலோ மணல்மூட்டை கட்டினாலும் போதாது. பறக்காமல் நின்றாலும் கத்தரிச் சட்டத்தின் மூட்டு வளைந்துவிடும், பிறகு அது மடங்காது. பறந்தால் பக்கத்தில் துணிக்கடை போட்டிருக்கிறவர்மேல் போய் விழும். அதை நினைத்தபோதுதான் எனக்கு ஆசை விட்டது.

இரண்டுக்கு இரண்டு மீட்டர் கூடாரம் என்றால் தூக்குவிசை 30 கிலோ அளவில் இருக்கும், காலுக்குப் பத்து கிலோ கட்டிச் சமாளிக்கலாம். எங்கள் இடத்துக்கும் அதுதான் பொருந்தும். பரந்த மைதானத்தில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விற்கிறவர்களுக்குப் பெரிய கூடாரம் சரி. ஆனால் அங்கேயும் காற்று எழுந்தால் துணியைக் கழற்றத் தயாராக ஓர் ஆள் வேண்டும்.

பெரிய பந்தல் இருந்தாலும் மழை கணக்குக் கேட்கும் என்பதற்குச் சென்னைப் புத்தகக் காட்சியே சாட்சி. 2024 ஜனவரி 8ஆம் தேதி கனமழையால் நந்தனம் ஒய்எம்சிஏ திடலில் ஒரு நாள் விடுமுறை விட வேண்டியதாயிற்று. ஜனவரி என்றால் மழை விட்டுவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் சரக்கை இறக்குகிறோம்.

வண்டியும் அறையும்

லோடு ஆட்டோவில் அலமாரி பொருத்தி வண்டியையே கடையாக்குவது கிராமத்து வாரச்சந்தைகளுக்கு நல்ல வழி. கதவைச் சாத்தினால் முடிந்தது. சண்டே மார்க்கெட்டின் நெரிசலில் வண்டியை உள்ளே விட முடியாது, தெருமுனையில் நிறுத்தினால் கூட்டம் நம்மைத் தாண்டிப் போய்விடும். நாள் வாடகை ஒரு நல்ல ஞாயிற்றின் லாபத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

அறை எடுப்பது வேறு தொழில். எங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் புத்தகம் வாங்க வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் இல்லை. செருப்பு வாங்க வந்தவர்கள், பிள்ளைக்குச் சட்டை எடுக்க வந்தவர்கள். காலடியில் அட்டையைப் பார்த்துக் குனிந்தவர்கள். மாடிப்படி ஏற மாட்டார்கள்.

பெட்டி

இந்த யோசனை எங்களுக்குக் கூரைக் கடையில் வரவில்லை, பாரிஸ் படம் ஒன்றைப் பார்த்தபோது வந்தது. அங்கே சேன் நதிக் கரைச்சுவரின் மேல் பச்சைப் பெட்டிகளில் பழைய புத்தகம் விற்கிறார்கள், சுமார் 900 பெட்டிகள். மூடியைத் தூக்கி நிறுத்தினால் அதுவே கூரை, இறக்கினால் கடை பூட்டியாயிற்று. புத்தகம் எங்கே காட்சிக்கு இருக்கிறதோ அங்கேயே பத்திரமாகவும் இருக்கிறது. அள்ளுவது, கட்டுவது, அடுக்குவது என்ற வேலையே இல்லை.

ஆடி ஞாயிறன்று எங்களைக் கெடுத்தது எது என்று அப்போதுதான் விளங்கியது. தார்ப்பாய் கிழிந்தது ஒரு காரணம்தான். இடிமழையில் முதலில் வருவது காற்று, நீர் அதற்குப் பிறகு. மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று மழைக்குச் சில நிமிஷம் முன்னால் ஓடிவரும். ஆகவே எந்தக் கூரையாக இருந்தாலும், அது மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் அதை இறக்கவேண்டி வரும். கூரை எவ்வளவு தாங்கும் என்று கேட்பதைவிட, காற்று வந்ததிலிருந்து எத்தனை நிமிஷத்தில் 600 புத்தகத்தையும் மூட முடியும் என்று கேட்பதுதான் பொருத்தம். விரிப்பில் பரப்பியிருந்தால் எந்தக் கூரைக்குக் கீழே இருந்தாலும் பதினைந்து, பதினேழு நிமிஷம். மழை அவ்வளவு நேரம் தராது.

பழைய தக்காளி கிரேட் ஒன்றை வைத்து மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்தோம். அதில் பக்கமெல்லாம் ஓட்டை, சாரல் உள்ளே வரும். பிறகு ஓட்டையில்லாத, மூடியுள்ள பிளாஸ்டிக் கிரேட் தேடினோம். இரண்டடி நீளம், ஒண்ணேகால் அடி அகலத்தில் ஒரு கிரேட்டுக்கு 45 புத்தகம் பிடிக்கிறது. ஆக 14 கிரேட். நிரம்பிய கிரேட் பதினைந்து கிலோவுக்குள் இருப்பதால் அக்காவாலும் தூக்க முடிகிறது. எல்லா மூடியையும் போட்டு அழுத்த, இரண்டு பேருக்கு மூன்று நிமிஷம். தனியாளாக ஐந்து. விரித்து எடுக்கும் நேரமும் மிச்சம். காலை ஏழுக்குக் கடை போட்டால் முன்பு எட்டரைக்குத்தான் போணி ஆகும்.

குறையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பரப்பி வைத்தால் அட்டை முகம் பார்த்து வருகிறவர்கள் பெட்டிக்குள் முதுகை மட்டும் பார்த்து நிற்க மாட்டார்கள். பழைய தமிழ்ப் புத்தகங்களில் பாதி மெலிசு, பின் அடித்தவை, முதுகில் பெயரே இருக்காது. அதனால் அவற்றை அட்டை முன்னால் தெரியும்படி நிறுத்தி, விரலால் ஒவ்வொன்றாக முன்னுக்குச் சாய்த்துப் பார்க்கும்படி அடுக்கினோம். 40 புத்தகத்தை மட்டும் கண்ணாடித்தாள் உறை போட்டு ஒரு பலகையில் சாய்த்து வைக்கிறோம். காற்று வந்தால் முதலில் எடுப்பது அந்தப் பலகை.

இன்னொன்று, தரை. கூரை மேலிருந்து வருவதைத்தான் தடுக்கும். 2020 மே மாதம் ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியபோது காலேஜ் ஸ்ட்ரீட்டின் கூரையும் கதவும் உள்ள கடைகளுக்குள்ளேயே தெருவில் தேங்கிய நீர் புகுந்து, புத்தகங்கள் சாலையில் மிதந்தன. எங்கள் தெருவில் கால்வாய் நிரம்பினால் கணுக்கால் அளவு நீர் ஏறும். கிரேட்டுகளுக்குக் கீழே காலி கிரேட்டைக் கவிழ்த்து வைத்து ஓரடி உயர்த்தியிருக்கிறோம். குனிந்து பார்க்க முடியாத பெரியவர்களுக்கும் இது வசதி.

மூடிய பெட்டி வியர்க்கும் என்பதையும் கவனியுங்கள். வெயிலில் சூடான புத்தகத்தை மழைக்கு மூடினால் உள்ளே ஈரம் தங்கும். வீட்டுக்குப் போனதும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், அன்றிரவே மூடிகளைத் திறந்து மின்விசிறி போட வேண்டும்.

போகலாமா வேண்டாமா

இதுவும் ஒரு தேர்வுதான், பருவத்துக்குப் பருவம் மாறும். சித்திரையிலிருந்து புரட்டாசிவரை மழை மேற்கிலிருந்து மாலையில் வரும். மாவட்டத்தில் எங்கோ இடிமழை என்று முன்னறிவிப்பு சொல்லும், நம் தெருவிலா என்பது சாயங்காலம்தான் தெரியும். அதற்குப் பயந்தால் ஆறு மாதம் கடையே போட முடியாது. அந்த நாட்களில் போயே தீர வேண்டும். மதியத்துக்கு மேல் வானிலைத் துறையின் காரைக்கால், சென்னை ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விழுப்புரம் பக்கம் சிவப்பு தெரிந்து கிழக்கே நகர்ந்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். பல நேரம் வழியிலேயே கரைந்துவிடும்.

ஐப்பசி கார்த்திகையில் காற்று கிழக்கிலிருந்து கொண்டலாகவும் வடக்கிலிருந்து வாடையாகவும் மாறும், மழை கடலிலிருந்து வரும், இரவிலும் விடியற்காலையிலும் அதிகம் கொட்டும். அப்போது முன்னறிவிப்பை நம்பலாம். சனிக்கிழமை இரவு ஆரஞ்சோ சிவப்போ எச்சரிக்கை இருந்தால் போவதில்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஞாயிறு காலைவரை 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை. அன்றைக்கு எந்தப் பெட்டியும் எந்தக் கூடாரமும் உதவியிருக்காது. வீட்டில் புத்தகத்தைக் கட்டில்மேல் ஏற்றி வைத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் பாதிச் சரக்கோடு போவோம், படப்புத்தகங்களை வீட்டில் விட்டுவிட்டு.

நாங்கள் எடுத்தது

மூடியுள்ள கிரேட் 14, கவிழ்த்து வைக்கப் பழைய கிரேட் 14. வெயிலுக்கும் லேசான தூறலுக்கும் சாம்பல் நிறத்தில் 150 ஜிஎஸ்எம் தார்ப்பாய் ஒன்று, முன்னைவிடச் சின்னதாக. அதைக் கெட்டி முடிச்சாகக் கட்டுவதில்லை, ஒரே இழுப்பில் அவிழும் சுருக்குமுடிச்சு. காற்று வந்தால் ஒருவர் அதை உருவிவிடுவார், மற்றவர் மூடிகளைப் போடுவார். மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. மீதியில் சரக்கு எடுத்தோம். திறந்த மைதானத்தில் கடை போடுகிறவராக இருந்தால், கட்டுவதற்குப் பின்னால் ஷட்டர் இல்லாதவராக இருந்தால், இதே கிரேட்டுகளோடு இரண்டு மீட்டர் கூடாரத்தை எடுங்கள். வெயில் மட்டுமே தொல்லை என்றால் குடை போதும். எதை எடுத்தாலும் புத்தகத்தைத் தரையில் பரப்பாதீர்கள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு மாலை நாலே காலுக்குக் காற்று கிளம்பியது. முதல் சொட்டு விழுவதற்குள் பதினொரு பெட்டி மூடியிருந்தோம், மற்ற மூன்றுக்கும் கொஞ்சம் சாரல் பட்டது. அரை மணியில் மழை விட்டது, மூடிகளைத் திறந்தோம், இருட்டுவதற்குள் இன்னும் எட்டுப் புத்தகம் விற்றது.

பலகையில் வைக்கும் அந்த 40 புத்தகங்கள் எவை என்பதில் மட்டும் எங்களுக்கு இன்னும் ஒத்துவரவில்லை. அக்கா வழிகாட்டிகள் என்கிறார், நான் படப்புத்தகங்கள் என்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அடுக்கும்போது மறுபடி பேச வேண்டும்.